ஒர்னானுக்குப் போனால், லூ ஆறு பிறக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

பிரான்சில் மலைப்பக்கமாக, ஆற்றை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் ஒன்றில் ரெண்டு நாள் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொல்வது ஒர்னான்.

சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில் இருக்கிறது. பெசான்சோன் வரை ரயில், அங்கிருந்து சுமார் 25 கி.மீ. பேருந்திலோ காரிலோ போக வேண்டும். ஊருக்கு நடுவே லூ ஆறு ஓடுகிறது. கரையோர வீடுகளின் பின்பக்கம் தண்ணீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் பாலத்தில் நின்றால் அந்த வீடுகள் அப்படியே ஆற்றில் தலைகீழாகத் தெரியும். நான் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

ஓவியர் கூர்பே 1819இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஆற்றங்கரையில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவரின் சவ அடக்கத்தை ஆறரை மீட்டர் அகலத்துக்கு வரைந்தார். அரசர்களுக்கும் புராணக் கதைகளுக்கும் மட்டுமே ஒதுக்கிய அளவு அது. அதில் சாதாரண ஊர் ஜனங்களை நிறுத்தியதற்காகப் பாரிஸில் பெரிய சண்டையே நடந்தது. அந்தப் படம் இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதன் பின்னணியில் வரும் வெள்ளைப் பாறைகளை ஒர்னானில் நின்று நேரிலேயே பார்க்கலாம்.

சரி, ஊரோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளத்தாக்கு வழியாக மேலே போனால் லூ பிறக்கும் இடம் வரும். சின்ன ஊற்று என்று நினைத்துத்தான் போனேன். செங்குத்தான பாறையில் பெரிய குகை வாய், அதிலிருந்து ஒரு முழு ஆறே இரைச்சலோடு வெளியே வருகிறது! அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வந்த கதையை யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன். 1901 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் பொந்தார்லியே ஊரில், அப்சிந்த் என்ற மது காய்ச்சும் பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. தொட்டிகளில் இருந்த மது, அந்த ஊர் வழியாக ஓடும் டூ என்ற ஆற்றில் கலந்தது. ரெண்டு நாளில் லூ ஊற்றில் அப்சிந்த் வாசனை! டூ ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி இங்கே வெளியே வருகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. 1910இல் சாயம் கலந்து விட்டுப் பார்த்து உறுதியும் செய்தார்கள். அப்புறம் டோல் நகரத்துக்குக் கீழே லூ போய்ச் சேர்வதும் அதே டூ ஆற்றில்தான்.

இந்தச் சுண்ணாம்புப் பாறை தண்ணீரை வடிகட்டாது. மேலே வயலிலும் ஊர்களிலும் விடும் கழிவு அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ட்ரவுட் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. இவ்வளவு தெளிவாகத் தெரியும் தண்ணீரில் இப்படி நடக்கிறது என்று கேட்டபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

வசந்த காலத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் ஊற்றுக்குப் போங்கள். பாதை வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.