எஸ்24 அல்ட்ரா: சார்ஜ் ஏற மூன்று மணி நேரமா?

வணக்கம். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது, சார்ஜ் ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது, மாலைக்குள் தீர்ந்தும்விடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பெட்டியில் சார்ஜர் வராததால் பழைய போனின் 10 வாட் சார்ஜரையே செருகுவதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். உள்ளே இருப்பது 5000 எம்ஏஎச் பேட்டரி. டம்ளரால் மொண்டு அண்டாவை நிரப்புகிறீர்கள். இந்த போன் 45 வாட் வரை வாங்கும். ஆனால் சார்ஜரில் 45, 65 என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. போன் கேட்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தரும் பிபிஎஸ் (PPS) என்ற வசதி இருக்கிறதா என்று அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 45 வாட் வேகத்துக்குக் கேபிளும் 5 ஆம்பியர் தாங்க வேண்டும். நான் இது தெரியாமல் மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரை மாட்டிவிட்டு, ஏன் ஆமை போல ஏறுகிறது என்று இரண்டு நாள் விழித்திருக்கிறேன். என்னைக் கேட்டால், பிபிஎஸ் உள்ள 25 வாட் சார்ஜரே போதும்.

மாலைக்குள் தீர்வதற்கு இப்போதே கவலை வேண்டாம். பழைய படங்களை இறக்குவது, அடுக்குவது, செயலிகளைப் புதுப்பிப்பது என்று புது போனுக்கு முதல் வாரம் குடிபுகுந்த வீடு மாதிரி ஓயாத வேலை. அதன் பிறகும் குறையாவிட்டால், அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி தின்கிறது என்று பாருங்கள். அதற்குள் பில்லில் திருப்பித் தருவதற்கான கடைசி நாளையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.