வெளிநாட்டுப் பயணமும் சிம்மும்: வாசகர் கேள்விகள், என் பதில்கள்

விடுமுறைக் காலம் நெருங்கினால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி சிம் பற்றித்தான். "எதுங்க மலிவு?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். கையில் என்ன போன், எத்தனை நாடு போகிறீர்கள், சொந்த எண்ணுக்கு வரும் ஓடிபி அங்கே தேவைப்படுமா? விலையெல்லாம் அப்புறம்தான். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியதாக இருந்த சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பத்து நாள் பயணம். இருக்கிற சிம்மிலேயே ரோமிங் பேக் போடுவதா, அங்கே போய் ப்ரீபெய்ட் சிம் வாங்குவதா, இ-சிம்மா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் அவரவர் பயணத்தை வைத்துச் சொல்கிறார்கள், அதனால்தான் குழப்பம். இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய்த் திரும்புகிறவருக்கு ரோமிங் பேக், அதாவது சொந்த சிம்மையே வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவதற்கான பேக், போதும். ஒரு ஜிபிக்குக் கணக்குப் பார்த்தால் விலை அதிகம்தான், ஆனால் போனில் எதையும் மாற்ற வேண்டாம், இறங்கியதும் வேலை செய்யும். ஒரே நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்குகிறீர்கள், தங்குமிடத்துக்காரர், டாக்சிக்காரர் என்று உள்ளூர் ஆட்களோடு பேச வேண்டியிருக்கும் என்றால் அந்த நாட்டு ப்ரீபெய்ட் சிம்தான் சரி, உள்ளூர் எண்ணும் கிடைக்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று நாடு, வேலை முழுக்க இணையத்தில்தான் என்றால் பயண இ-சிம், அதாவது பிளாஸ்டிக் சிம் இல்லாமல் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம்.

நான் செய்வது இதுதான்: சொந்த சிம்மை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் இ-சிம். உங்களுடைய பத்து நாளுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். பேக் எதுவும் போடாமல் சொந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை ஆன் செய்து வைத்துப் போகாதீர்கள். கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு பில்லில் போய்விடும்.

கேள்வி: என் போனில் இ-சிம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயல் செய்யும் இடத்தில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால் இ-சிம் வசதி இருக்கிறது. வரவில்லை என்றால் அநேகமாக இல்லை.

மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இ-சிம் உண்டு என்பார்கள், உண்மைதான், ஆனால் சீனாவில் விற்பதற்கென்று தயாரான பல ஐபோன்களில் அது கிடையாது, இரண்டு சாதா சிம் போடத்தான் இடம் இருக்கும். அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களிலோ 2022இல் வந்த 14 முதல் சிம் தட்டே இல்லை, எல்லாம் இ-சிம்தான். உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த போன் என்றால் இதைக் கவனியுங்கள், போகிற ஊர்க் கடையில் தருகிற பிளாஸ்டிக் சிம்மை அதில் போடவே முடியாது. ஆண்ட்ராய்டிலும் ஒரே பெயருள்ள போன் ஒரு நாட்டில் இ-சிம்மோடும் இன்னொரு நாட்டில் அது இல்லாமலும் விற்கிறது.

அதைவிட முக்கியம் லாக். தவணையில் அல்லது ஒப்பந்தத்தில் வாங்கிய போன், விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும், அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் எளிய சோதனை, வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பரிடம் ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பூட்டு எடுபடக் கொஞ்ச நாள் ஆகலாம், கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி இதைக் கண்டுபிடித்துப் புண்ணியமில்லை.

கேள்வி: வெளிநாட்டு சிம் போட்டால் பேங்க் ஓடிபி வராதே? போன முறை ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

நானும்தான் பட்டேன். சில வருடங்களுக்கு முன்பு ஒற்றை சிம் போனோடு போயிருந்தேன், சொந்த சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாயிற்று. ரயில் டிக்கெட் எடுக்கும்போது கார்டு ஓடிபி கேட்கிறது, பெட்டி தங்குமிடத்தில், நான் ஸ்டேஷனில், பின்னால் நீளமான வரிசை. அன்றிலிருந்து சொந்த சிம்மைக் கழற்றுவதே இல்லை.

இரட்டை சிம் போன் என்றால் இப்படிச் செய்யுங்கள். சொந்த சிம் ஆனிலேயே இருக்கட்டும், அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள். டேட்டாவுக்குப் பயண சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'டேட்டா ஸ்விட்ச்சிங்கை அனுமதி' என்கிற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சிம்மில் சிக்னல் குறைந்ததும் போன் தானாகவே மற்றதற்குத் தாவப் பார்க்கும்.

வெளிநாட்டில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை. வரும் அழைப்பை எடுத்தால் வாங்கும். எடுக்காவிட்டாலும்கூட ஒரு சிக்கல் உண்டு: நீங்கள் எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகும்படி வைத்திருந்தால், அழைப்பு முதலில் நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வந்து, அங்கிருந்து திரும்ப உங்கள் நாட்டு வாய்ஸ்மெயிலுக்குப் போகும், இரண்டு பக்கத்துக்கும் ரோமிங் கட்டணம் விழ வாய்ப்பிருக்கிறது. கிளம்பும் முன், அழைப்பை இப்படித் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்துவிடுங்கள்.

ப்ரீபெய்ட் எண் என்றால் நீங்கள் திரும்பும் நாள் வரை வேலிடிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேச ரோமிங்கைக் கிளம்புவதற்கு முன்பே இயக்கிவிடுங்கள். அங்கே போனபிறகு இயக்கப் பார்த்தால், சரிபார்க்க ஓடிபி அனுப்புவார்கள், அதுவும் ரோமிங் இல்லாமல் எதுவும் வராத அதே சிம்முக்குத்தான்!

கேள்வி: 'அன்லிமிடெட் டேட்டா' என்று போட்ட பேக் வாங்கினேன். இரண்டாம் நாளே நத்தை வேகம். ஏமாற்றிவிட்டார்களா?

சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். தினம் ஒன்றோ இரண்டோ ஜிபி முழு வேகம், அதற்குமேல் வேகம் குறையும், நின்றுபோகாது என்பதால் அன்லிமிடெட் என்று பெயர். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) என்று போட்டிருந்தால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 16 கேபிதான், ஒரு எம்பி அளவுள்ள படம் வந்து சேரவே ஒரு நிமிடம் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், மேப் திறக்க மூச்சு வாங்கும்.

வாங்கும்போது அன்லிமிடெட் என்ற சொல்லை விட்டுவிட்டு, வேகம் குறைவதற்குமுன் எவ்வளவு, குறைந்தபிறகு எவ்வளவு என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பதையும் பாருங்கள், சில அன்லிமிடெட் பேக்குகளில் அது கிடையாது. 'நாள்' என்பதற்கும் ஆளுக்கொரு அர்த்தம் உண்டு, சிலருக்கு இயக்கியதிலிருந்து 24 மணி நேரம், சிலருக்கு நள்ளிரவில் முடிந்துவிடும், அந்த நள்ளிரவும் நீங்கள் இருக்கும் ஊரின் நள்ளிரவாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: சரி, எத்தனை ஜிபி வாங்க?

வழி பார்க்க, செய்தி அனுப்ப, டிக்கெட் எடுக்க மட்டும் என்றால் பத்து நாளுக்கு மூன்று முதல் ஐந்து ஜிபி தாராளம். வீடியோதான் தின்னும். ஹெச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஜிபி வரை இழுக்கும். அதைவிட மோசம் நமக்குத் தெரியாமல் நடப்பது, பகலெல்லாம் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் போன் பின்னணியில் க்ளௌடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். பேக்கப், ஆப் அப்டேட் இரண்டையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள். போகிற ஊரின் வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சின்ன பேக் வாங்கிப் போதாவிட்டால் டாப்-அப் செய்வதுதான் என் வழக்கம், ஆனால் வாங்கும்போதே டாப்-அப் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

கேள்வி: ஐரோப்பாவில் ஐந்து நாடு சுற்றுகிறோம். ஐந்து சிம்மா?

ஒன்று போதும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டில் கூடுதல் ரோமிங் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதி 2017 ஜூன் 15 முதல் இருக்கிறது, அதை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். 27 உறுப்பு நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் மூன்றும் இதில் சேரும்.

சுவிட்சர்லாந்து சேராது. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் அந்த விதிக்குள் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே இந்த இரண்டையும் சேர்த்துத் தருகின்றன, சில தருவதில்லை, பேக்கின் நாட்டுப் பட்டியலில் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரயிலில் சுவிட்சர்லாந்தைக் கடந்து மட்டும்தான் போகிறேன் என்றாலும், அந்த இரண்டு மணி நேரம் டேட்டா ரோமிங்கை அணைப்பது நல்லது. இன்னொன்று, 100 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் வாங்கிய நாட்டுக்கு வெளியே அதில் ஒரு பங்குதான் பயன்படுத்த முடியும் என்று வரம்பு வைத்திருப்பார்கள்.

கேள்வி: இ-சிம் போட்டாயிற்று, சிக்னல் காட்டுகிறது, நெட் வரவில்லை.

பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே காரணம்தான், அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன் செய்யவில்லை. ரோமிங் என்றாலே பில் வரும் என்று பயந்து அணைத்து வைத்திருக்கிறோம், ஆனால் பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்துடையது, அதற்கு நீங்கள் போன நாடும் ரோமிங்தான். அதை ஆன் செய்தும் வரவில்லையென்றால், டேட்டாவுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு ஏபிஎன் பெயர் (போன் இணையத்தோடு சேர செட்டிங்ஸில் இருக்க வேண்டிய பெயர்) வாங்கியபோது சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாகத் தானியங்கித் தேர்வை விட்டு நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். இடையில் ஒருமுறை போனை அணைத்துப் போடுங்கள்.

என்ன செய்தாலும் இ-சிம்மை டெலிட் மட்டும் செய்யாதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் செல்லும். வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிட்டுக் கிளம்புங்கள், ஆனால் நாள் கணக்கு நிறுவியதும் தொடங்குமா, அங்கே நெட்வொர்க்கைப் பிடித்ததும் தொடங்குமா என்று முதலில் படியுங்கள்.

கேள்வி: டேட்டா மட்டும் உள்ள சிம் என்றால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா?

மாறாது. புதிய சிம்மைப் பார்த்ததும் எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் வாட்ஸ்அப் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி ஓடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் செய்தி போகும், வாட்ஸ்அப் அழைப்பு போகாது. சீனாவில் உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப், கூகுள் இரண்டுமே திறக்காது. ஆனால் வெளிநாட்டு சிம் அங்கே ரோமிங்கில் இருக்கும்போது அதன் டேட்டா, சிம்மை வழங்கிய நாட்டின் வழியாகத்தான் பெரும்பாலும் இணையத்துக்குப் போகும், அதனால் பொதுவாக அந்தத் தடையில் மாட்டாது. சீனா போகிறவர்களுக்கு நான் இ-சிம்மைச் சொல்வதே இதற்காகத்தான். இதே காரணத்தால் நீங்கள் ஓர் ஊரில் இருக்க, இணையதளங்கள் உங்களை வேறு நாட்டில் இருப்பதாக நினைத்துப் புரியாத மொழியில் திறக்கும், பேங்க் ஆப்பும் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பாவிடம் இருப்பது பழைய 3ஜி போன். அதிலேயே வெளிநாட்டு சிம் போட்டுக் கொடுக்கலாமா?

எந்த நாடு என்று பாருங்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலேயே 3ஜியை மூடிவிட்டன, ஆஸ்திரேலியாவில் 2024இல் மூடினார்கள். அங்கெல்லாம் பேசுவதே வோல்டி எனப்படும் 4ஜி குரல் அழைப்பு வழியாகத்தான். 4ஜி போனாகவே இருந்தாலும் அந்த நிறுவனத்தின் வோல்டி அதில் ஒத்துவராவிட்டால் நெட் வரும், பேச முடியாது. பெரியவர்கள் கையில் கொடுக்கிற போனில் பேச முடிவதுதானே முதல் தேவை, சாதாரணமான ஒரு புது 4ஜி போனே வாங்கிக் கொடுங்கள், அதையும் அங்கே இருக்கிற நிறுவனம் ஏற்குமா என்று ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: துருக்கியில் ஆறு மாதம் இருக்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது?

உண்டு. வெளிநாட்டுப் போனில் துருக்கி சிம் போட்டால் 120 நாள் வரைதான் ஓடும், அதற்குள் கட்டணம் கட்டிப் போனைப் பதிவு செய்யாவிட்டால் அந்த ஐஎம்இஐ எண்ணை அங்குள்ள நெட்வொர்க்குகளில் முடக்கிவிடுவார்கள். சிம்மை மாற்றிப் பயனில்லை, முடங்குவது போன். பதிவுக் கட்டணம் லேசானதல்ல என்பதால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: கப்பல் பயணத்தில் சிம் வேலை செய்யுமா?

செய்யும், அதுதான் ஆபத்து. கரையைத் தாண்டியதும் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் அடங்காது. ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: கழற்றிய சிம்மை எங்கே வைப்பது? தட்டைத் திறக்கும் ஊசி கிடைக்காவிட்டால்?

நானோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர், விரல் நகம் அளவுதான். பர்ஸின் சில்லறைப் பையில் போட்டால் போனது போனதுதான். ஒரு துண்டுக் காகிதத்தில் செலோடேப்பால் ஒட்டி, பாஸ்போர்ட் வைக்கிற பையிலேயே வையுங்கள், பாஸ்போர்ட்டை யாரும் தொலையவிட மாட்டோம் இல்லையா. ஊசிக்கு ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தினால் போதும். அதுவும் இல்லையென்றால் கம்மலின் தண்டும் பொருந்தும், மெல்லியதாக இருக்க வேண்டும், மெதுவாக அழுத்துங்கள்.