ஷாந்த்ராவும் பாடுவானாவும்

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறாள். ‘இல் ஷாந்த்ரா’ என்றால் ‘அவன் பாடுவான்’, ‘இல் வியாந்த்ரா’ என்றால் ‘அவன் வருவான்’ என்று உரக்கச் சொல்லிப் பழகுகிறாள். எனக்கென்னவோ ‘பாடுவானா, வருவானா’ என்று கேட்பது போலவே விழுகிறது. நம் ‘ஆ’ பிரெஞ்சுக்குப் போயிருக்குமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: போகவில்லை. ஓசை ஒன்றுதான், வேலை வேறு. பிரெஞ்சு ‘ஆ’ எங்கிருந்து வந்தது என்பதை மகளை வைத்தே பார்த்துவிடலாம். ‘என்னிடம் இருக்கிறது’ என்பதற்கு என்ன என்று கேளுங்கள், ‘ழே’ என்பாள். அவனிடம் என்றால் ‘ஆ’, அவர்களிடம் என்றால் ‘ஓன்’. அப்புறம் பாடுவேன், பாடுவான், பாடுவார்கள் மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்: ஷாந்த்ரே, ஷாந்த்ரா, ஷாந்த்ரோன். கடைசியில் நிற்பது அதே ஏ, ஆ, ஓன்! லத்தீன் பேசிய சனங்கள் ‘கான்தாரே ஹபெத்’, அதாவது பாட வேண்டியிருக்கிறது, என்று இரண்டு சொல்லாகச் சொன்னது நாளாக ஆக ஒட்டித் தேய்ந்து ஒரே சொல்லாகி, ஒரு முழு வினைச்சொல் வெறும் ‘ஆ’ என்று சுருங்கிவிட்டது. நாமும்தான் ‘பாட இருக்கிறான்’ என்கிறோம், ஆனால் நம்முடையது இன்னும் ஒட்டவில்லை.

நம் வினா ‘ஆ’வோ ஓர் இடத்தில் நிற்காது. ‘அண்ணன் நேற்று பஸ்ஸில் வந்தான்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனா வந்தான்? நேற்றா வந்தான்? பஸ்ஸிலா வந்தான்? எந்தச் சொல்லில் சந்தேகமோ அதன் மேல் போய் உட்காரும். பிரெஞ்சு ‘ஆ’வைப் பெயரிலோ ‘நேற்று’ என்ற சொல்லிலோ ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. இடைச்சொல் என்று நம் இலக்கணக்காரர்கள் இதைத் தனி வகையாகப் பிரித்து வைத்தது எவ்வளவு கூர்மையான வேலை என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

கேள்வி: அப்படியானால் இரண்டு மொழிகளுக்கு உறவு உண்டு என்று எதை வைத்துச் சொல்வது?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வெகுதூரம் போக வேண்டாம், புதுச்சேரியோடு சேர்ந்த ஏனாமுக்கும் மாஹேக்கும் போனால் போதும். தெலுங்கு பேசும் ஏனாமில் ‘வச்சாடா?’ என்றால் ‘வந்தானா?’ என்று அர்த்தம். நமக்கு ‘டா’ போட்டுப் பேசுவது போலக் கேட்கும், ஆனால் அது ‘வச்சாடு’ என்பதோடு சேர்ந்த நம் ‘ஆ’தான். மலையாளம் பேசும் மாஹேயில் அதையே ‘வன்னோ?’ என்பார்கள். சொல்லின் கடைசியில் வரும் வினா எழுத்து என்று நன்னூல் ‘ஆ’வோடு ‘ஓ’வையும் சேர்த்தே சொல்கிறது. இதோடு நின்றால் நான்கூட நம்பமாட்டேன். தமிழ், தெலுங்கு, மலையாளம் என்ற வரிசையில் கண், கன்னு, கண்ணு என்றும், மூன்று, மூடு, மூன்னு என்றும் அடிப்படைச் சொற்களும் உருபுகளும் வரிசையாக ஒத்துக்கொண்டே போகின்றன. 1816-ல் சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரி எல்லிஸும் 1856-ல் பாதிரியார் கால்டுவெல்லும் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பம் என்றது இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்துத்தான்.

ஒற்றை ‘ஆ’வை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஊர் ஊராக அலைய வேண்டியதுதான். துருக்கியில் ‘ஓகுல்’ பள்ளி, ‘ஓகுலா’ பள்ளிக்கு. ஹங்கேரியனில் ‘ஹாஸ்’ வீடு, ‘ஹாஸா’ அவனுடைய வீடு. இந்தியில் லட்கா பையன், ஸ்பானிஷில் சிக்கா பெண். வாயைத் திறந்தால் வருகிற ஒலி, எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

அவ்வளவு ஏன், நம் பேச்சிலேயே பாருங்கள். ‘அவ வந்தா சொல்லு’, ‘அவ நேத்தே வந்தா.’ முதல் ‘வந்தா’வில் தேய்ந்தது ‘ல்’, இரண்டாவதில் தேய்ந்தது ‘ள்’.