செவலை போன பிறகு அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வந்தவாசி பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்துவிட்டார். அம்மா ரோட்டோரத்திலிருந்து தூக்கி வந்து வளர்த்த செவலை என்ற நாட்டு நாய்தான் அப்பாவுக்குத் துணையாக இருந்தது. 12 வயதில் அதற்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், பத்து நாள் டிரிப்ஸ் ஏற்றியும் தேறவில்லை. மருத்துவர் சொன்னதன் பேரில் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்தோம். வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் புதைத்தோம். மூன்று வாரம் ஆகிறது. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார், நடக்கப் போவதில்லை. அதன் தட்டையும் சங்கிலியையும் யாரும் தொடக்கூடாது என்கிறார். "நான்தான் அவனைக் கொன்றுவிட்டேன். கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு போனான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொந்தக்காரர்கள் "ஒரு நாய்க்காகவா இப்படி" என்கிறார்கள். அண்ணன் அடுத்த வாரம் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கிக் கொடுக்கப் போகிறான். நான் பெங்களூரில் இருக்கிறேன். தினமும் போன் செய்கிறேன். என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

பதில்: முதலில் உங்கள் அண்ணனிடம் இன்றே பேசி, அந்தக் குட்டியை நிறுத்திவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகச் செய்யலாம். இது ஒன்றுதான் அவசரம். அவர் பாசத்தினால்தான் செய்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவின் மனதில் அது, உடைந்த நாற்காலிக்குப் பதிலாக வேறு நாற்காலி வாங்கிப் போட்டதைப் போலத்தான் படும். கால்நடை மருத்துவராக வேலைக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பதினான்கு வயதுப் பொமரேனியனைப் பறிகொடுத்து நின்ற ஒரு பெரியவரிடம், "எனக்குத் தெரிந்த இடத்தில் நல்ல குட்டிகள் இருக்கின்றன ஐயா, சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. போர்வையில் சுற்றியிருந்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குட்டியின் பக்கமிருந்து பார்த்தாலும் இது சரியில்லை. ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வர வேண்டும். இரவெல்லாம் கத்தும். வளர்ந்துவிட்டால் 30 கிலோ எடையுள்ள லாப்ரடார் ஓர் இழுப்பு இழுத்தால் 68 வயதுக்காரர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக்கூடும். அப்பா தாமாகக் கேட்கும் நாள் வந்தால் அன்றைக்கு யோசிக்கலாம். கேட்காமலே போனாலும் அதில் குறையொன்றும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் செவலையை ‘அது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா ‘அவன்’ என்கிறார். போனில் பேசும்போது நீங்களும் ‘அவன்’ என்றே சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ‘அது’ என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும், தன் துக்கத்துக்கு இங்கே இடமில்லை என்று அவருக்குத் தோன்றும். நம் இலக்கணமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது பிழையில்லை, அன்பினால் வந்த திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அஃறிணையை உயர்திணையாக்கும் அந்த அன்புதான் உங்கள் அப்பாவின் வாயில் ‘அவன்’ என்று வருகிறது.

இன்னொன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: செவலை அம்மா தூக்கி வந்த குட்டி. எனக்கு மொத்தக் கடிதத்திலும் கனமான வரி அதுதான். அம்மா எப்படிக் கூப்பிடுவார், எந்த நேரத்தில் சோறு வைப்பார், எந்தப் பக்கம் உட்காருவார் என்பதெல்லாம் அந்த வீட்டில் அப்பாவைத் தவிரத் தெரிந்திருந்த இன்னோர் உயிர் அவன். அவனும் போய்விட்டான். அம்மா இறந்தபோது வந்தவர்களைக் கவனிக்கவும் காரியங்களைப் பார்க்கவும் ஓடிக்கொண்டிருந்து, பல ஆண்கள் அன்றைக்கு அழாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த அழுகை வேறொரு சாவில் வந்து சேர்வதை என் அனுபவத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் பேச்சு வந்தால் திசை திருப்பாதீர்கள். "அம்மா அவனை எங்கிருந்து தூக்கி வந்தாங்கப்பா?" என்று நீங்களே கேட்கலாம்.

அடுத்தது "கொன்றுவிட்டேன்" என்ற சொல். இதற்குக் காரணம் ஓரளவு நம் மொழியிலேயே இருக்கிறது. ‘கருணைக்கொலை’ என்று எவரோ மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். முன்னால் எத்தனை கருணை இருந்தாலும் கேட்பவர் காதில் பின்னால் இருக்கும் கொலைதான் தங்குகிறது. என்னிடம் வருபவர்களிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. ‘வலியில்லாமல் அனுப்பிவைப்பது’ என்றுதான் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

"நீங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை அப்பா" என்று மட்டும் சொன்னால் அவர் நம்ப மாட்டார். குற்ற உணர்வுக்கு ஆறுதல் வார்த்தை போதாது, விவரம் வேண்டும். இதை அவரிடம் சொல்லுங்கள்: நாய்க்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும்போது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் அது அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் அதிகமாகச் சிறுநீர் போவதும் வெளியே தெரியும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் ஏறித் தெரிவதற்கு முக்கால் பங்கு கெட்டிருக்க வேண்டும். அதுவரை அவன் வாலாட்டிக்கொண்டு கூடவே நடந்திருப்பான். நாட்டு நாய்கள் நோவை வெளிக்காட்டுவதும் குறைவு. ஆகவே "முன்பே கவனித்திருக்கலாமே" என்ற கேள்விக்கு, கவனிக்கும்படி அவன் உடம்பு எதையும் காட்டவில்லை என்பதுதான் நேர்மையான பதில். கடைசி நாட்களில் ரத்தத்தில் கழிவு தேங்கி ஓயாத குமட்டல், வாயில் புண், மூச்சில் ஒரு காட்டமான நாற்றம் எல்லாம் இருந்திருக்கும். அப்பா அவற்றை அருகிலிருந்து பார்த்திருப்பார். விட்டிருந்தால் இன்னும் சில நாள் இருந்திருப்பான். அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும்.

கண் மூடாததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரை அரிப்பது அதுதான். அந்த ஊசி அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கப்படும் மயக்க மருந்து. மருந்து ரத்தத்தில் ஏறிய சில நொடிகளிலேயே நினைவு போய்விடும். அதற்குப் பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். இமையை மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும். எல்லாத் தசையும் தளர்ந்துவிட்ட உடலில் கண் திறந்தபடியே நின்றுவிடும். சில நாய்களுக்கு ஓரிரு பெருமூச்சோ காலில் துடிப்போகூட வரும். அப்போது அவை எதையும் உணர்வதில்லை. மருந்து ஏறுவதற்கு முன் செவலை கடைசியாக உணர்ந்தது தன் தலைமேல் இருந்த அப்பாவின் கையாக இருந்திருக்கும். இந்த விளக்கத்தை நீங்கள் சொல்வதைவிட, அவனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரே போனில் ஐந்து நிமிடம் சொன்னால் நன்றாக ஏறும். கேளுங்கள், மறுக்க மாட்டார்.

சொந்தக்காரர்கள் சொல்வதைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு மனிதர் இறந்தால் நம் ஊரில் பந்தல் போடுகிறோம், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது, காரியம் முடியும்வரை நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அழுவதற்கென்று நாளும் இடமும் ஒதுக்கித் தருகிறோம். செவலைக்காக அழ அப்பாவுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டென்றும், அதைத் தனியே சுமப்பவருக்குச் சுமை கூடுகிறதென்றும் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் எழுதினார். கிராமத்துத் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

நம் முன்னோர் அவ்வளவு கல்நெஞ்சுக்காரர்களாக இருந்ததில்லை என்பதற்குச் சாட்சி உங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரன் ஒருவனுக்காக நடப்பட்டது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயர், அது செய்த ஒரு காரியம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாய் கல்லில் நிற்கிறது. ஆறுதல் சொல்லப் போகிறவர்களிடம் நான் இந்தக் கல்லைப் பற்றி அடிக்கடி சொல்வதுண்டு. "போனது போகட்டும்", "வயதாகிவிட்டதே", "பன்னிரண்டு வருஷம் இருந்ததே பெரிது" என்பதெல்லாம் பெயரை அழிக்கிற பேச்சு. செவலை என்று பெயர் சொல்லி, அவன் செய்த ஒன்றை நினைவுபடுத்திப் பேசுங்கள். "நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிடுவானே அப்பா" என்பதைப் போல உங்களுக்கே சொந்தமான நினைவு ஏதேனும் இருக்கும். அதைச் சொல்லுங்கள். அவர் அழுதால் போனை வைக்காமல் காத்திருங்கள். ‘அழாதீர்கள்’ என்று சொல்லத் தோன்றும், வேண்டாம். "விதி, என்ன செய்ய" என்று அவரே சொன்னால் ஆமோதியுங்கள், நீங்களாக விதியை இழுக்காதீர்கள்.

தட்டும் சங்கிலியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மூன்று வாரம் ஒரு காலமே இல்லை.

உடல்நலம் பற்றி இரண்டு விஷயம். நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவதற்கு எலிக்காய்ச்சலும் ஒரு காரணம். அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். செவலைக்கு அந்தச் சந்தேகம் இருந்ததா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது இருந்தால், அவர் சாப்பிடாததைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், நாய்க்கு வந்த நோயையும் சொல்லுங்கள். மற்றபடி துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவில் பேரப்பிள்ளையின் பேச்சுக்குச் சிரிப்பார், ஒரு தோசை கூடச் சாப்பிடுவார். அப்படி எந்த இடைவெளியும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, உடல் இளைத்து, பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் எதற்கு இருக்க வேண்டும்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், அவரைத் தனியே விடவும் வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக அந்த வேப்ப மரத்தடி. ஊசி மருந்து உடலில் நெடுநாள் தங்கும். குழி ஆழமில்லாமல் இருந்து, தெரு நாய்களோ நரியோ தோண்டித் தின்றால் அவற்றின் உயிருக்கே ஆபத்து. மண்ணை இன்னும் கொட்டி மேடாக்கி, மேலே கனமான ஒரு கல்லை வைக்க வேண்டும். எந்தக் கல் என்று அப்பாவே பார்த்து எடுக்கட்டும். பெயர் எழுத வேண்டுமென்று அவர் சொன்னால் பெயிண்ட் வாங்கிக் கொடுங்கள்.

இதைப் போனில் செய்ய முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறி ஊருக்குப் போங்கள். சனிக்கிழமை மண்ணும் கல்லும் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அப்பா எழுந்து திண்ணைக்கு வருவார். நீங்களும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, செவலை எந்த வழியாக அழைத்துப் போவான் என்று கேளுங்கள்.