ஆல்பத்துக்கு முன் எழுத வேண்டிய தாள்

கேள்வி: நாங்கள் நால்வர், கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் காவேரிப்பட்டணத்திலும் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக ஒரு ப்ளூஸ் ராக் இசைக்குழு நடத்துகிறோம். தமிழில் ஏழு சொந்தப் பாடல்கள் இருக்கின்றன. டிரம்ஸ் வாசிப்பவரின் சித்தப்பாவுடைய மாங்காய் மண்டியில் ஒத்திகை பார்க்கிறோம். ஓசூரிலும் பெங்களூரிலுமாக ஒன்பது முறை மேடை ஏறியிருக்கிறோம். இப்போது பெங்களூரில் ஒரு சிறு நிறுவனம், தன் செலவிலேயே ஆல்பம் பதிவு செய்து வெளியிடுவதாகவும், அதற்கு ஏழு பாடல்களின் எல்லா உரிமைகளையும் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் சிப்காட் வேலையை விட்டுவிட்டு, எல்லோரும் பெங்களூருக்குக் குடிபோகலாம் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது இருக்கும் வடிவில் போட வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். ஆனால் நிறுவனத்துக்கு மறுப்புச் சொல்வதற்கு முன்பு உங்கள் நால்வருக்குள்ளேயே பேசி ஒரு தாளில் எழுதி முடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்தப் பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்பது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவான ஒரு பாட்டில் மூன்று தனித்தனிச் சொத்துகள் அடங்கியிருக்கின்றன. வரிகள் எழுதியவருக்கு உரியவை. மெட்டு, அதை அமைத்தவருக்கு உரியது; அவர் அதை இசைக்குறிப்பாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆகவே காதால் கேட்டு விரலால் கண்டுபிடித்து வாசிக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் அந்த உரிமை முழுமையாக உண்டு. மூன்றாவதான ஒலிப்பதிவு, அதை முன்னின்று பொறுப்பேற்று உருவாக்கிய தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரும். நிறுவனம் ஸ்டுடியோ வாடகையும் பொறியாளர் சம்பளமும் கொடுத்துப் பதிவை நடத்தினால், வேறு பேச்சு இல்லாதபோது அந்தப் பதிவு அவர்களுடையதாகவே கருதப்படும். பணம் போட்டவர் பதிவை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் அவர்கள் கேட்பது அதோடு நிற்கவில்லை. வரிகளையும் மெட்டுகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள், அவற்றை உருவாக்க அவர்கள் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை.

எவ்வளவு காலத்துக்கு என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்குமான உரிமை, படைத்தவரின் வாழ்நாளோடு மேலும் 60 ஆண்டுகள். உங்கள் பாடகருக்கு இன்று 24 வயது என்றும் அவர் 80 வயது வரை இருப்பார் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கையெழுத்தில் அவர் கொடுப்பது ஏறத்தாழ 116 ஆண்டுக் காலத்து உரிமை.

சட்டம் உங்களை அடியோடு கைவிட்டுவிடவில்லை. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டுமே. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதுக்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்ற சொற்களை ஒப்பந்தம் தயாரிக்கும் வழக்கறிஞர்கள் தவறாமல் சேர்ப்பது இந்த மூன்று பாதுகாப்புகளையும் அகற்றத்தான். உங்கள் பிரதியில் அவை இருக்கின்றனவா என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அவற்றாலும் அகற்ற முடியாத ஒன்று உண்டு: 2012இல் வந்த திருத்தத்தின்படி, வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், பாட்டைப் பயன்படுத்துவதால் வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு எவருக்கும் எழுதித்தர முடியாது, எழுதித் தந்தாலும் அந்தப் பகுதி செல்லாது.

இந்த ராயல்டி யாருக்கு என்று சட்டம் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும்தான். உங்கள் ஏழு பாடல்களில் டிரம்ஸ்காரரும் பேஸ்காரரும் மெட்டமைத்தவர்களா, இல்லையா? ஒத்திகையில் ஒருவர் ஒரு துணுக்கை வாசிக்க, அடுத்தவர் அதன் நடையை மாற்ற, பாடகர் மேலே வரி போட்டுப் பாடியபோது பிறந்த பாட்டு யாருடையது? நான் சொன்ன தாள் இதற்குத்தான். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் கிட்டார் வாசித்த ஒரு குழுவில் நாங்கள் இதைப் பேசவே இல்லை. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்ற கூச்சம்தான் காரணம். ஒரு குறும்படக்காரர் எங்கள் பாட்டு ஒன்றை விலைக்குக் கேட்டார். தொடக்கத்தில் வரும் கிட்டார் இழை என்னுடையது, வரிகள் பாடகருடையவை, நடுவில் வரும் திருப்பம் கீபோர்டுகாரருடையது. மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்; அவர் வேறு பாட்டுக்குப் போய்விட்டார். அடுத்த பொங்கலுக்குள் குழுவும் இல்லை.

ப்ளூஸ் இசையில் இந்தக் குழப்பம் கூடுதலாகவே வரும், ஏனென்றால் அதன் எலும்புக்கூடு பொதுச்சொத்து. முதல் நான்கு அளவுகள் (தாளச் சுற்றுகள்) ஏ கார்டு, அடுத்து இரண்டு டி, மீண்டும் இரண்டு ஏ, பிறகு ஈயும் டியும் ஒவ்வொன்று, கடைசி இரண்டும் ஏ என்று ஓடும் பன்னிரண்டு அளவுச் சுற்றை எவரும் தமக்கே உரியது என்று கோர முடியாது. ஒரு வரியை இரண்டு முறை பாடி மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்லும் கட்டமைப்பும் அப்படியே. (கூத்தில் வேடக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் திரும்ப எடுப்பதைக் கேட்டு வளர்ந்த நம் பகுதிக்காரர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது, இதை உங்கள் பலமாகவே கருதுகிறேன்.) ஆகவே உங்களுடையது என்று சொல்லத்தக்கது வரிகள், அவற்றின் மேல் ஓடும் மெட்டு, அடையாளம் காட்டும் கிட்டார் இழை ஆகிய மூன்றுமே. அவற்றில் யாருக்கு என்ன பங்கு என்பதைப் பாட்டுக்குப் பாட்டு சதவீதமாக எழுதுங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவினர் 1963 முதல் 1965 வரை, எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய பாடல்களை 'நாங்கர் ஃபெல்ஜ்' என்ற கற்பனைப் பெயரில் பதிவு செய்தார்கள். பங்கு எல்லோருக்கும் பொது. பாடகரும் ஒரு கிட்டார்காரரும் எழுதியவை அவ்விருவர் பெயரில் தனியாகப் போயின. காலப்போக்கில் இரண்டாவது வகை பெருகி முதல் வகை நின்றுபோனது. தொடக்கத்திலிருக்கும் குழுவுக்கு நான் சொல்வது முதல் வழி: முதல் ஆல்பம் முடியும்வரை நால்வருக்கும் தலா 25 சதவீதம். அதில் சிறு அநியாயம் இருக்கலாம். ஆனால் மண்டியில் ஒத்திகைக்கு வருவதற்குச் சலிப்பவர் யாரும் இருக்கமாட்டார். அதே தாளில், ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாரிடம் இருக்கும், பொதுப்பணத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் யாருக்கு என்ற இரண்டையும் சேர்த்து, நால்வரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நிறுவனத்துக்கு எழுதலாம். உரிமை மாற்றத்துக்குப் பதிலாக உரிமம், அதாவது சொத்து உங்களிடமே இருக்கப் பயன்படுத்தும் அனுமதி மட்டும், தருகிறோம் என்று சொல்லுங்கள்: ஒலிப்பதிவு மட்டும், இணையத் தளங்களில் வெளியிட மட்டும், 5 ஆண்டுகளுக்கு மட்டும், பதிவு முடிந்து ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டால் உரிமம் முடியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, வரிகளும் மெட்டுகளும் இந்தப் பேச்சில் சேராது. நேர்மையான சிறு நிறுவனம் இதில் பாதியையாவது ஒப்புக்கொள்ளும். ஒரு வரியையும் மாற்ற முடியாது என்று சொன்னால், அவர்கள் தேடுவது இசைக்குழுவை அல்ல, பாட்டுக் கையிருப்பை என்று பொருள்.

அவர்கள் மறுத்தால் ஆல்பம் நின்றுவிடுமா என்று நீங்கள் கவலைப்படலாம். அமெரிக்காவின் டயர் நகரமான ஆக்ரனில் 2001இல் தொடங்கிய தி பிளாக் கீஸ் என்ற இருவர் குழு, டிரம்ஸ்காரர் வீட்டின் அடித்தளத்தில் எட்டுத் தடப் பதிவுக் கருவியை வைத்துத்தான் தன் முதல் ஆல்பத்தை 2002இல் முடித்தது. இரண்டாவதும் அதே அறையில் உருவானது; மூன்றாவதை மூடிக் கிடந்த ஒரு டயர் ஆலைக்குள் பதிவு செய்தார்கள். ப்ளூஸ் ராக் அந்த முரட்டு ஒலியைத் தாங்கும். சில சமயம் அதையே கேட்கும்.

உங்கள் மண்டியில் அதைச் செய்யலாம். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். அதற்காக முட்டை அட்டைகளை ஒட்டாதீர்கள், அவை பயனற்றவை, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. பழைய இலவம்பஞ்சு மெத்தைகளும் அடுக்கித் தொங்கவிட்ட கோணிப்பைகளும் போதும். டிரம்ஸுக்கு நான்கு மைக்: கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (நடுவில் குச்சியால் அடிக்கும் சிறு டிரம்) ஒன்று, தலைக்கு மேலே இரண்டு. மேலே இருக்கும் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஒரு நூலை ஸ்னேரின் மையத்தில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை முதல் மைக் வரை இழுத்து முடிச்சிட்டு, அதே முடிச்சு இரண்டாவது மைக்கிலும் வந்து நிற்கும்படி ஸ்டாண்டை நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் பதிவு செய்தால் ஸ்னேரின் ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து, கலக்கும்போது மெலிந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய இயலாது. நால்வரும் ஒன்றாக வாசித்துப் பதியுங்கள், பாட்டை மட்டும் பின்னர் தனியாகப் பாடுங்கள். கலவைக்கு (மிக்ஸிங்) மட்டும் நல்ல பொறியாளருக்குப் பணம் கொடுங்கள். செலவு உங்களுடையது என்பதால் பதிவும் உங்களுடையது, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

குடிபெயர்வதைப் பற்றி: பெங்களூர் உங்களுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இந்தியாவின் பெயர்பெற்ற ப்ளூஸ் ராக் குழுக்களில் ஒன்றான சோல்மேட் 2003இல் ஷில்லாங்கில் தொடங்கியது; 2007இல் மெம்பிஸ் நகரில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்குப் போனபோதும் அது ஷில்லாங் குழுவாகவே போனது. உங்கள் நிலையில் பெங்களூர் வீட்டு வாடகையும் முன்பணமும் சேர்ந்து, மாதத்துக்கு இரண்டு மேடைகள் தரும் பணத்தை விழுங்கிவிடும். பேஸ்காரர் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடிந்தால் போதும். மேடை கேட்கும்போது அந்த இடத்தில் டிரம் செட் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே காரில் போய்வரலாம். கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி சுங்கக் கட்டணங்களையும் எரிபொருளையும் கழித்த பிறகே வருமானத்தைப் பங்கிடுங்கள்.

உள்ளூர் மேடைகளையும் விடாதீர்கள். கோயில் திருவிழாவில் மைக் செட்காரரின் ஜெனரேட்டரில் எர்த் சரியாக இருக்காது; சுற்றிலும் சீரியல் செட் மினுக்கிக்கொண்டிருக்கும்; ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உள்ள கிட்டார் அத்தனையையும் வாங்கி இரையும். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழன்று பாருங்கள், ஒரு திசையில் இரைச்சல் வெகுவாகக் குறையும். அங்கே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தே வாசியுங்கள். பாடகர் மைக்கைத் தொடும்போது ஷாக் அடித்தால் மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் இறங்கிவிடுங்கள், எர்த் சரியான பிறகு ஏறினால் போதும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், கடைசிப் பாட்டை 9.40க்குள் தொடங்கும்படி வரிசை அமையுங்கள்.

மற்றவை சிறு வேலைகள். பதிப்புரிமை படைத்த கணமே பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சான்றாக வைத்துக்கொள்ள விரும்பினால் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பங்குத்தாளில் பெயருள்ளவர்கள் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலித்துத் தருவது அதுவே. இணையத் தளங்களிலிருந்து உடனே பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: 12 மாதங்களில் 1,000 முறைக்கும் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பங்கு தருவதில்லை. ஜிஎஸ்டி பற்றி ஆண்டு வருமானம் 20 லட்சத்தை நெருங்கும்போது யோசித்தால் போதும்.

காலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சித்திரை பிறந்து மண்டிக்குள் மாங்காய் லோடுகள் இறங்கத் தொடங்கினால் ஆடி வரை உங்களுக்கு அங்கே இடம் இருக்காது. பங்குத்தாளை இந்த வாரமே எழுதுங்கள், நிறுவனத்துக்கு அடுத்த வாரம் பதில் போடுங்கள், அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பங்குனிக்குள் நான்கு பாடல்களையாவது மண்டியில் பதிந்து முடியுங்கள். மீதி மூன்றை அறுவடை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.