பழைய கேரவன் வேனில் உள்விளக்குகள் மங்கினால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

பேட்டரியைப் புதிதாக மாற்றிய பிறகும் உங்கள் பழைய கேரவன் வேனின் உள்விளக்குகள் மங்கியும் மினுக்கியும் எரிகின்றன, ஊட்டியில் நிறுத்திய பிறகே இது அதிகமானது என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரியில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்பவன் என்ற முறையில், இன்னொரு பல்பு வாங்கும் முன் எர்த் இணைப்புகளை, அதாவது விளக்கிலிருந்து மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்புகளை, கழற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுத்திருந்தால் அதை முதலில் பிடுங்கிவிடுங்கள். சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும்; 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். ஜனவரி உறைபனி இரவுகளில், லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பேட்டரி சரியாக இருந்தால், விளக்கை எரியவிட்டபடியே அளக்க வேண்டும் என்பதுதான் மிக முக்கியம். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால், களிம்பேறிய இணைப்பு வழியாகவும் மீட்டருக்குத் தேவையான சிறு மின்னோட்டம் வந்துவிடுவதால் முழு 12 வோல்ட்டும் காட்டும். பழுது வேறெங்கோ இருப்பதாகப் பலரும் நினைத்துவிடுவது இதனால்தான். விளக்கு எரியும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் (ஒயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள்), மறு முனையை விளக்கின் எர்த் ஒயரிலும் வையுங்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பழுது அந்தப் பாதையில்தான். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் பார்க்கலாம். எல்லா விளக்குகளும் ஒன்றாக மங்கினால் பொது எர்த்தையும் மெயின் ஃபியூஸையும், ஒன்று மட்டும் மங்கினால் அதன் ஹோல்டரையும் சந்தேகியுங்கள்.

நம் மலையில் எர்த் கெடுவதற்குக் காரணம் மழை மட்டுமல்ல. இரவில் வண்டிக்குள் சமைக்கும்போதும் உறங்கும்போதும் எழும் ஈரம், குளிர்ந்த கூரைத் தகட்டின் உட்புறத்தில் நீராகப் படிகிறது; பழைய வண்டிகளில் எர்த் ஒயரை ஒரே ஒரு ஸ்குரூவால் அடித்திருப்பதும் பெரும்பாலும் அந்தத் தகட்டில்தான். வெளியே இறுக்கமாகத் தெரியும் அந்த ஸ்குரூவைக் கழற்றினால், லக்கின் (ஒயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) அடியில் பச்சைக் களிம்பும் அதற்கும் கீழே துருவும் பொடியாக உதிரும். ஒயரின் உறையைச் சற்று உரித்தால் செம்பு கறுத்திருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை ஒயரை வெட்டி, புதிய லக் அழுத்தி, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பிறகு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். என் விருப்பம் என்னவென்றால், பாடியை நம்பாமல் பேட்டரி நெகட்டிவ் வரை தனி ஒயர் இழுத்துவிடுவதே இந்த ஊருக்கு ஏற்றது.

ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வரும்போது மட்டும் விளக்கு மினுக்கினால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும், கண்ணாடி ஃபியூஸின் இரு முனை உலோக மூடிகளையும் பாருங்கள்.

எல்இடி பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். 10 வாட் பல்பு ஏறத்தாழ 0.8 ஆம்பியர் எடுக்கும் இடத்தில் 2 வாட் எல்இடி 0.2க்கும் குறைவாகவே எடுப்பதால், கெட்ட இணைப்பிலும் அது பிரகாசமாக எரியும். ஆனால் அதே லைனில் தண்ணீர் பம்ப் ஓடும்போது அந்த இணைப்பு சூடாகும். ஆகவே இணைப்பைச் சரிசெய்த பிறகு எல்இடி பொருத்துங்கள். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடும் என்பதால், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸை மாட்டவே கூடாது: ஒயர் செல்லும் பாதை முழுக்க பிளைவுட்டும் ஃபோமும்தான் இருக்கின்றன.