சண்டை நிறைந்த வீட்டில் வளர்வது ஒருவரின் குணத்தை எப்படி மாற்றும்? கதைகளில் மட்டும்தானா, நிஜத்திலுமா?

எங்கள் வேலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கர்ண மோட்சம் ஆடும் இரவில் விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

பிறந்ததுமே ஆற்றில் விடப்பட்ட பிள்ளை கர்ணன். வளர்த்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் "நீ யார் மகன்?" என்ற கேள்வி விடவில்லை. கூத்தில் மனைவி பொன்னுருவிகூட அவன் பிறப்பைச் சொல்லிக் காட்டுவாள். அதனால்தான், சபையில் மதித்த ஒரே ஆள் துரியோதனன் என்று, தப்பு தெரிந்தும் கடைசிவரை கூடவே நிற்கிறான். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல வராததும் அதே காயம்தான் என்பது என் எண்ணம். (கொடைவள்ளல் என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்!)

நிஜத்தில் இவ்வளவு வசனம் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு பையன், அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டே, அப்பா வண்டிச் சத்தத்தை வைத்து அன்றைக்குக் குடித்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவான். இன்று ஆபீசில் எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் பேசுகிறான். அவன் தம்பியோ எதற்கெடுத்தாலும் கத்துவான். ஒரே வீடுதான், விளைவு வேறு.

அப்புறம், ஜெர்மன் மொழியில் எழுதிய எழுத்தாளர் காஃப்கா. 1919-ல், 36 வயதில், அப்பாவைக் கண்டு ஏன் பயம் என்று அவருக்கே நீளமாகக் கடிதம் எழுதினார். அது அப்பா கைக்குப் போகவே இல்லை.